பேராசிரியர்களின் பணி மனநிறைவு: அளவுகோல் யார் கையில்?

(சந்தாபுராவில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் தம் பணியில் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று அளந்து பார்ப்பது இன்று உயர்கல்வி நிர்வாகங்களின் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. ஐந்து கட்டங்கள் வரைந்த வினாத்தாள் ஒன்று ஆசிரியரின் கைக்கு வருகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஏதேனும் ஒரு கட்டத்தில் குறியிட்டு, அதைத் துறைத்தலைவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பின்னர் அவையெல்லாம் கூட்டி வகுக்கப்பட்டு ஒற்றை எண்ணாக மாறி, தர மதிப்பீட்டு அறிக்கையின் ஒரு மூலையில் இடம்பெறுகின்றன. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக உழைக்கும் தோழர்களிடம் பேராசிரியர்களின் மனக்குறையைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா எழலாம். நியாயமான வினாதான். பேராசிரியர் என்றதும் கைநிறையச் சம்பளம், கோடை விடுமுறை, சொந்த வீடு, கார் என்ற படமே பலர் மனத்தில் விரிகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்தோரைப் பொறுத்தவரை அந்தப் படம் ஓரளவு உண்மை. ஆனால் இன்று ஓசூர் நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிப் பேருந்தில் ஆலைத் தொழிலாளியின் அருகே நின்றபடி பயணம் செய்பவர் முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளராகவும் இருக்கக்கூடும். இருவரது நியமனத்திலும் முடிவு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனேக்கல் வட்டம் ஆலைகளுக்கு மட்டும் பெயர்பெற்ற இடமாக இப்போது இல்லை. மாநிலச் சட்டங்களின் வழி 2010இல் தோன்றிய அலையன்ஸ், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகங்கள் இவ்வட்டத்தில்தான் இயங்குகின்றன. பொறியியல், மேலாண்மை, செவிலியர் கல்லூரிகள் சாலையின் இருபுறமும் வளர்ந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்ட நிலையில், இங்கே குடியிருந்து நகரத்துக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோர் தொகையும் கூடவே செய்யும். கட்சிக் கிளைகளின் எல்லைக்குள் வாழும் உழைப்பாளிகள் இவர்கள்.

மனநிறைவை எண்ணாக்கும் கலைக்கு ஏறத்தாழ நூறாண்டு வயது. மனப்பாங்கைப் படிநிலைகளில் அளக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் வெளியிட்டார். ஐந்து கட்ட வினாத்தாள் அவர் வழி வந்ததே. 1935இல் ராபர்ட் ஹாப்பாக் பணி மனநிறைவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்னும் சிற்றூரில் வேலை செய்வோரையெல்லாம் விசாரித்த அவர், தனியாக ஐந்நூறு ஆசிரியர்களையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆக, இத்துறை பிறந்தபோதே ஆசிரியர் அதற்குள் இருந்தார். காலத்தையும் கவனிக்க வேண்டும். பெருமந்தம் அமெரிக்காவை உலுக்கிய ஆண்டுகள் அவை. ஆலை வாயில்களில் வேலைநிறுத்தம், தெருக்களில் வேலையற்றோர். தொழிலாளிக்கு என்ன வேண்டும் என்பதைச் சங்கத்திடம் கேளாமல் தொழிலாளியிடம் தனித்தனியே கேட்டறியும் கருவி முதலாளிகளுக்குத் தேவைப்பட்ட காலம்.

1959இல் ஹெர்ஸ்பெர்க் தம் இரு காரணிக் கோட்பாட்டை முன்வைத்தார். மேலாண்மைப் பாடம் படித்த எவருக்கும் இது மனப்பாடமாக இருக்கும். ஊதியம், பணிப் பாதுகாப்பு, மேலதிகாரியின் நடத்தை போன்றவை குறைந்தால் அதிருப்தி தோன்றும். ஆனால் அவை கூடினாலும் மனநிறைவு பிறக்காது. சாதனை, அங்கீகாரம், வேலையின் உட்பொருள் ஆகியவையே மனநிறைவைத் தரும் என்பது அவர் முடிவு. அதிருப்தியின்மை வேறு, மனநிறைவு வேறு என்று பிரித்துக் காட்டியதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தியத் தனியார் கல்லூரி நிர்வாகங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: சம்பளத்தை உயர்த்துவதால் பயன் இல்லை, சால்வை போர்த்தினால் போதும். செப்டம்பர் 5ஆம் நாள் மேடையில் சால்வைக்குக் குறைவிருப்பதில்லை. ஹெர்ஸ்பெர்க் விசாரித்தவர்கள் பிட்ஸ்பர்க் நகரின் 203 பொறியாளர்களும் கணக்காளர்களும். போருக்குப் பிந்தைய செழிப்புக் காலத்தில் நல்ல வேலையில் இருந்தவர்கள். அடுத்த ஜூன் மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரை அவர் விசாரித்திருந்தால் ஊதியமும் பாதுகாப்பும் வெறும் பின்னணிக் காரணிகளாகத் தோன்றியிருக்குமா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

1967இல் மின்னசோட்டா வினாத்தாள் வந்தது. 1985இல் பால் ஸ்பெக்டர் உருவாக்கிய பணி மனநிறைவு அளவீடு வந்தது. இந்திய ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிற கருவிகளுள் இந்த இரண்டாவதும் ஒன்று. அதில் 36 வினாக்கள், ஒன்பது பிரிவுகள்: ஊதியம், பதவி உயர்வு, மேற்பார்வை, பிற சலுகைகள், வெகுமதி, நடைமுறை விதிகள், உடன் பணியாற்றுவோர், வேலையின் தன்மை, தகவல் தொடர்பு. ஒன்பதையும் மறுபடி படித்துப் பார்த்தால் ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். பணிப் பாதுகாப்பு அதில் இல்லை. மின்னசோட்டா வினாத்தாளில் அதற்கு இடம் உண்டு. ஸ்பெக்டரின் ஒன்பதில் தனிப்பிரிவு கிடையாது. அக்கருவியை அப்படியே எடுத்து ஒரு கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர்களிடம் கொடுத்தால், அவர்கள் இரவில் தூங்காமல் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே விஷயத்தைத் தவிர மற்றவையெல்லாம் அளக்கப்பட்டுவிடும். இது ஸ்பெக்டரின் குற்றமன்று. இடமறியாமல் கருவியைக் கடன்வாங்குவோரின் குற்றம்.

இனிக் கூட்டல் கணக்கு. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவதற்கு ஐந்து மதிப்பெண் தருகிறார். மாணவர்களோடு உள்ள உறவுக்கும் ஐந்து. ஊதியத்துக்கு ஒன்று, பணிப் பாதுகாப்புக்கு ஒன்று. சராசரி மூன்று. அறிக்கையில் அவர் நடுநிலையாளர்! உண்மையில் அவரிடம் நடுநிலை என்பதே இல்லை. வகுப்பறையை உயிருக்கு உயிராக நேசிக்கிறவர். வகுப்பறைக்கு வெளியே தம்மை நடத்தும் விதத்தை வெறுக்கிறவர். அந்த நேசத்தை வைத்தே அவரைச் சுரண்ட முடிகிறது என்பதுதான் இங்குள்ள அரசியல் பொருளாதாரம். வேலையின் மீதுள்ள பற்றே குறைகூலிக்கு உடன்படச் செய்யும் கருவியாகிறது. செவிலியர்க்கும் அங்கன்வாடி ஊழியர்க்கும் ஆஷா ஊழியர்க்கும் இது புதிய செய்தியன்று.

அச்சம் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. வினாத்தாளை வாங்கிக்கொள்கிறவரே பணி நீட்டிப்புக்குப் பரிந்துரைப்பவராக இருக்கும்போது எந்தக் கட்டத்தில் குறி விழும் என்பது ஊகிக்கத்தக்கதே.

அச்சத்தை விடவும் ஆழமானது ஒன்றுண்டு. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகில் உள்ள சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் உடல்நிலை பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆடவருள் 48.5 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதாகவோ உடல்நிலை சுமாராக இருப்பதாகவோ கூறினர். கணவனை இழந்த பெண்களுள் அவ்வாறு கூறியவர்கள் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. அந்நாளைய வங்கத்தில் கைம்பெண்களின் உணவும் மருத்துவமும் எந்த நிலையில் இருந்தன என்பது தெரிந்ததே. அமர்த்தியா சென் இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துக்காட்டி, நீண்ட நாள் இல்லாமையில் வாழ்கிறவர்கள் தம் எதிர்பார்ப்பையே சுருக்கிக்கொள்கிறார்கள் என்பதை விளக்கினார். பதினைந்து ஆண்டுகள் தொகுப்பூதியத்தில் இருந்த விரிவுரையாளர் இந்த ஆண்டும் பெயர் பட்டியலில் வந்துவிட்டதே என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சை வினாத்தாள் மனநிறைவு என்று பதிவு செய்துகொள்கிறது.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னடத்தில் இவ்வாசிரியருக்கு 'அதிதி உபன்யாசகர்' என்று பெயர், விருந்தினர். தமிழ்நாட்டில் 'கௌரவ விரிவுரையாளர்'. ஒருபுறம் விருந்து, மறுபுறம் கௌரவம். இரண்டு சொற்களும் கூலி என்ற சொல்லை நாவில் வராமல் காக்கின்றன. விருந்தினரிடம் யாரும் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்குவதில்லை.

கர்நாடகத்தின் கணக்கைப் பார்ப்போம். அரசு முதல்நிலைக் கல்லூரிகள் 430 அளவில் உள்ளன. அவற்றில் பாடம் நடத்துவோரில் பெரும் பகுதியினர் அதிதி உபன்யாசகர்களே. 2021-22இல் இவர்கள் 14,000 பேர் அளவில் இருந்தனர். அவ்வாண்டு நிரந்தர நியமனத்துக்கு அறிவிக்கப்பட்ட உதவிப் பேராசிரியர் இடங்களோ 1,242. மாதம் 11,000 அல்லது 13,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த இவர்கள் 2021 டிசம்பரில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். 2022 ஜனவரி 14 அன்று அரசு ஊதிய உயர்வை அறிவித்தது. யு.ஜி.சி. தகுதியும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவமும் உடையோர்க்கு 13,000 ரூபாய் 32,000 ஆயிற்று. தகுதி பெறாதோர்க்கு அனுபவத்துக்கேற்ப 26,000, 28,000. போராட்டத்தின் வெற்றி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவிப்பின் மறுபாதியைப் படிக்க வேண்டும். வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி வரை இருந்த பாடவேளை பதினைந்தாக உயர்த்தப்பட்டது. மொத்தப் பாடவேளை கூடவில்லை. ஒருவருக்குரிய வேளை கூடினால் தேவைப்படும் ஆட்கள் குறைய வேண்டும். பல ஆயிரம் பேர் வெளியே நின்றனர்.

அளவீட்டு வல்லுநர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2021இல் ஒரு மனநிறைவு ஆய்வும் 2022 இறுதியில் இன்னொன்றும் நடத்தியிருந்தால் சராசரி உயர்ந்திருக்கவே செய்யும். எஞ்சியோரின் ஊதியம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. வேலை இழந்தோரின் கையில் இரண்டாவது வினாத்தாள் போய்ச் சேராது. அதிருப்தியுற்றவர்களை வெளியேற்றுவதும் மனநிறைவை உயர்த்தும் வழிகளுள் ஒன்றுதான். எந்தச் சராசரியையும் காணும்போது முதலில் கேட்கவேண்டியது, வகுக்கும் எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே.

உயர்வுக்குப் பின்னும் நிலைமை என்ன? வாரம் 15 மணி என்றால் மாதம் 60 மணி. 32,000 ரூபாயை அறுபதால் வகுத்தால் ஒரு வகுப்புக்கு 533 ரூபாய். 2019 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு 2018 விதிகள் குறித்த நேரடிப் பாடவேளை வாரம் 16 மணி. ஏழாவது ஊதியக் குழுவின்படி அவரது தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், படிகள் தனி. பதினைந்துக்கும் பதினாறுக்கும் இடையே உள்ள ஒரு மணி நேரத்தின் விலைதான் இந்த இடைவெளி! 2023 நவம்பரில் கர்நாடக அதிதி உபன்யாசகர்கள் பணி நிரந்தரம் கோரி மீண்டும் வகுப்பறையை விட்டு வெளியே வந்தனர். ஆட்சி மாறியிருந்தது. 2024 ஜனவரியில் 5,000 முதல் 8,000 ரூபாய் வரையிலான உயர்வும் மருத்துவக் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. நிரந்தரம் மட்டும் வரவில்லை.

தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் உள்ளனர். ஆண்டில் பதினொரு மாதத்துக்கே ஊதியம். மே மாதம் பசிக்காது என்பது கருவூலத்தின் கணிப்புப் போலும். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடைபெறவிருந்த தேர்வு தள்ளிப்போடப்பட்டது. நிரந்தர ஆசிரியர்களும் நிம்மதியாக இல்லை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் சம்பளம் வருமா என்று காத்திருந்தனர்.

சுயநிதிக் கல்லூரிகளைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். 2024 ஜூலையில், ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருப்பதை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. விசாரித்த அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், 189 பேரின் பெயர்கள் ஏறத்தாழ 2,000 இடங்களில் காட்டப்பட்டிருந்ததாகத் தெரிவித்தார். இல்லாத ஆசிரியரின் மனநிறைவை எந்த அளவுகோலால் அளப்பது? காகிதத்தில் அவர் எப்போதும் நிறைவாகவே இருப்பார். அந்த இல்லாத ஆசிரியரின் வகுப்புகளை யாரோ ஒருவர் நடத்தியிருக்க வேண்டும். அல்லது நடத்தாமலே மாணவர் கட்டணம் வசூலிக்கப்பட்டிருக்க வேண்டும்.

தேசிய அளவுகோல்கள் இதைக் கண்டுகொள்கின்றனவா? தர மதிப்பீட்டுக் குழுவான நாக் 1994இல் நிறுவப்பட்டது. தலைமையகம் பெங்களூரு நாகரபாவியில்தான் இருக்கிறது. 2017இல் சீரமைக்கப்பட்ட அதன் முறையில் மாணவர் மனநிறைவு ஆய்வு கட்டாய அங்கமாயிற்று, நல்லதே. ஆசிரியரின் மனநிறைவுக்கு அத்தகைய தனி இடம் இல்லை. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை ஆசிரியர்-மாணவர் விகிதத்தையும் முனைவர் பட்டம் பெற்றோர் தொகையையும் எண்ணுகிறது. அந்த முனைவர்களின் நியமனம் நிரந்தரமா என்பதைப் பொருட்படுத்துவதில்லை. மதிப்பீடு எந்த நிலைக்குச் சென்றது என்பதற்கு, 2025 பிப்ரவரியில் ஆந்திரக் கல்வி நிறுவனம் ஒன்றுக்குச் சாதகமான தரம் வழங்கக் கையூட்டுப் பெற்றதான வழக்கில் நாக் ஆய்வுக் குழுவினரையே மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது சான்று. 2010இல் வந்த கல்விச் செயல்பாட்டுப் புள்ளி முறையோ ஆசிரியரைக் கட்டுரை எண்ணும் குமாஸ்தாவாக்கியது. பணம் வாங்கி அச்சிடும் போலி ஆய்விதழ்கள் அதன் நிழலில்தான் செழித்தன.

இத்தனைக்கும் ஆசிரியர் சட்டத்தின் கண்ணில் யார்? இங்கே பெங்களூருவின் பெயர் தாங்கிய தீர்ப்பு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் உள்ளிட்ட ஏழு நீதிபதிகள் அமர்வு தொழில் என்பதன் பொருளை விரித்தது. கல்வி நிறுவனமும் தொழில் என்பதற்குள் வந்தது. பத்தாண்டு கழித்து, 1988இல், சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்றது. கல்வி புனிதப் பணி, அது கைவினையோ எழுத்தர் வேலையோ ஆகாது என்பது காரணம். ஆகவே பல்கலைக்கழகம் ஒரு தொழில், அதன் பேருந்து ஓட்டுநர் தொழிலாளி, தோட்டக்காரர் தொழிலாளி, பாடம் நடத்துகிறவர் மட்டும் தொழிலாளி அல்லர். பணிநீக்கம் செய்யப்பட்டால் அவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேற முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், தொண்டு அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே நீக்குகிறது. அறக்கட்டளைப் பெயரில் இயங்கும் கல்வி வணிகம் இந்த வாசல் வழியே வெளியேற முயலும் என்பதை எதிர்பார்க்கலாம்.

மார்க்ஸ் இதை வேறு விதமாகப் பார்த்தார். மூலதனம் முதல் தொகுதியில் உற்பத்தித் திறனுள்ள உழைப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று பள்ளி ஆசிரியர். பள்ளி உரிமையாளரின் செல்வத்தைப் பெருக்க ஆசிரியர் உழைக்கும்போது, உரிமையாளர் தம் பணத்தைக் கல்விச்சாலையில் போட்டாலும் இறைச்சிப் பண்டம் செய்யும் ஆலையில் போட்டாலும் அந்த உறவின் தன்மை மாறுவதில்லை என்பது அவர் வாதம். புனிதம் என்ற போர்வை அன்றே விலக்கப்பட்டுவிட்டது. விதிவிலக்காகச் சில வெற்றிகளும் உண்டு. ஆசிரியர்க்குப் பணிக்கொடை இல்லை என்று 2004இல் தீர்ப்பு வந்தபின், 2009 திருத்தச் சட்டம் 1997 முதல் அவர்களுக்கும் அவ்வுரிமையை வழங்கியது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் 30,000 ரூபாய் ஒப்பந்த ஊதியத்தில் இருந்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், குருவைத் தெய்வமாகப் பாடும் சுலோகங்களை மேடைகளில் ஓதுவதோடு நின்றுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடித்துரைத்து, உரிய ஊதிய விகிதத்தை வழங்க ஆணையிட்டது.

மனநிறைவை உயர்த்துவதற்கு நிர்வாகங்கள் காட்டும் வழி யோகா வகுப்பு, மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு, ஊக்கப் பேச்சாளர். வரலாறு காட்டும் வழி வேறு. உதவிபெறும் தனியார் கல்லூரிகளில் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு வேறொரு தொகையைப் பெற்றுச் சென்ற காலம் இருந்தது. கேரளத்தில் 1972 போராட்டத்தின் விளைவாக அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறை வந்தது. தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியர் சங்கங்களின் இயக்கங்களுக்கு நடுவே 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 1987இல் நாடு முழுவதும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தனர். தற்காலிக ஆசிரியர்களின் இடத்தில் கௌரவ ஆசிரியர்களை நியமிக்கச் சொன்ன 2019 ஆகஸ்டுச் சுற்றறிக்கையை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பரில் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்டபின்தான் ஒன்றிய அரசு இறங்கிவந்தது. இவற்றில் எதுவும் வினாத்தாளால் வந்ததில்லை.

இப்போது குறிவைக்கப்பட்டிருப்பது எஞ்சிய பாதுகாப்பு. ஒப்பந்த ஆசிரியர் மொத்தப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2018 யு.ஜி.சி. விதிகள் கூறின. எந்த மாநிலமும் அதை மதிக்கவில்லை. எதிர்க்கட்சிகள் ஆளும் மாநிலங்களும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயினும் வழக்காடவும் போராடவும் காகிதத்தில் ஓர் ஆதாரம் இருந்தது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகளில் அந்த வரம்பே காணாமற்போயிற்று. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமை பறிபோவது குறித்துத் தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் குரல் எழுப்பின. சரியான குரல்தான். பத்து விழுக்காடு காணாமற்போனது பற்றி அதே வேகத்தில் குரல் எழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் மனநிறைவை அளப்பதே வீண் வேலையா? அன்று. கருவியைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். 1880 ஏப்ரலில், பாரிசிலிருந்து வெளிவந்த ஒரு சோசலிச ஏட்டுக்காக மார்க்ஸ் ஏறத்தாழ நூறு வினாக்கள் அடங்கிய தொழிலாளர் வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். தனியே 25,000 படிகள் அச்சிட்டு வழங்கப்பட்டன. வேலை செய்யும் அறையின் அளவு என்ன, காற்றோட்டம் உண்டா, வேலைநேரம் எவ்வளவு, கூலி நாள் கணக்கிலா வேலைக் கணக்கிலா, கூலி கைக்கு வர எத்தனை நாள் தாமதம், சங்கம் இருக்கிறதா என்று அந்த வினாக்கள் விரிந்தன. மனநிறைவோடு இருக்கிறீர்களா என்ற கேள்வி அதில் இல்லை. உணர்ச்சியை எண்ணாக்கச் சொல்லாமல், உணர்ச்சிக்குக் காரணமான நிலைமைகளை விவரிக்கச் சொன்னார் அவர். பதிலளிக்கும் தொழிலாளி அவ்விவரத்தை எழுதும்போதே தன் நிலைமையைத் தானே ஆராயத் தொடங்கிவிடுகிறான். திரும்பி வந்த விடைகள் சிலவே என்பதும் உண்மை; முறை பிழையானது என்பதற்கு அது சான்றாகாது.

இவ்வட்டாரக் கிளைகள் மேற்கொள்ளத்தக்க வேலை அது. ஆசிரியர் சங்கத்தோடு இணைந்து, இங்கே குடியிருக்கும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களை அவர்களது வீட்டில் சென்று காண வேண்டும். கல்லூரி வளாகத்தில் அன்று. பெயரும் நிறுவனத்தின் பெயரும் தாளில் ஏறக் கூடாது. வாரத்தில் எத்தனை மணி வகுப்பு, விடைத்தாள் திருத்த எத்தனை மணி, அதற்கு ஊதியம் உண்டா? மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடித்துவரச் சொல்கிறார்களா? நியமன ஆணை கையில் இருக்கிறதா, அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்திருக்கிறதா? வங்கியில் ஏறிய சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டதுண்டா? மகப்பேற்றின்போது என்ன நடந்தது? கடைசிக் கேள்வி குறிப்பாகப் பெண் ஆசிரியர்களிடம் கேட்கப்பட வேண்டியது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 15.98 லட்சம் ஆசிரியர்களில் 6.94 லட்சம் பேர் பெண்கள். இந்த வினாக்களோடு ஒப்பீட்டுக்காக ஐந்து கட்டக் கேள்விகள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்காமல், ஊதியம் தனி, பாதுகாப்பு தனி, வகுப்பறை தனி, கருத்துச் சுதந்திரம் தனி என்றே வைத்திருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியரின் விடையையும் ஒப்பந்த ஆசிரியரின் விடையையும் ஒரே சராசரியில் கலக்கக் கூடாது. 1997இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உயர்கல்வி ஆசிரியர் நிலை குறித்த பரிந்துரையில் பணிப் பாதுகாப்பும் கல்விச் சுதந்திரமும் கூட்டுபேர உரிமையும் இடம்பெற்றுள்ளன. வினாக்களை வகுக்கும்போது அது துணையாக இருக்கும்.

வினாத்தாள் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அமைய வேண்டும். இங்குள்ள கல்லூரிகளில் மலையாளிகளும் தெலுங்கரும் வடமாநிலத்தாரும் கற்பிக்கிறார்கள். கிடைக்கும் விடைகளின் தொகுப்பு, பத்திரிகைக்கோ மேல்கமிட்டிக்கோ செல்லும் முன், விடையளித்தவர்களின் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். அவர்கள் திருத்திய பிறகே அது அறிக்கையாகும். காலமும் முக்கியம். பருவம் நடுவில், வேலை கையில் இருக்கும்போது மட்டும் கேட்டால், முன்பு சொன்ன அதே பிழை இங்கும் நேரும். கல்வியாண்டு முடிந்து நியமனம் காலாவதியாகி, அடுத்த பட்டியல் வெளிவராத இடைக்காலத்தில் ஒரு முறையும், பட்டியல் வந்த பின் அதில் பெயர் இல்லாதவர்களைத் தேடிச்சென்று இன்னொரு முறையும் கேட்க வேண்டும்.